அளவுக்கு உட்கார்ந்தவள்

ஜனவரி 5, திங்கள்

பிப்ரவரி இதழின் 'கண்ணில் பட்டவை' பக்கத்துக்கு ஐந்து பொருள் சேர்ந்துவிட்டது. பழைய லாரித் தார்ப்பாயில் தைத்த டேப்லெட் பை. தமிழ் எண்கள் போட்ட சுவர்க் கடிகாரம். இரண்டு பேர் உட்காரும் தேக்கு நாற்காலி, பாண்டிச்சேரி பட்டறை ஒன்றில் செய்தது. மடக்கினால் புத்தகம் அளவுக்குச் சுருங்கும் மேசை விளக்கு. ஐந்தாவது, ஒரு புகைப்படக் கண்காட்சி.

ஐந்தாவதை நான் தேர்வு செய்யவில்லை. ஆசிரியர் பத்மஜா மேடம் அந்தக் கடிதத்தை என் மேசையில் வைத்துவிட்டு, "நம்ம எட்வின் எடுத்ததாம் சுகந்தி. போட்டே ஆகணும்" என்றார். போடலாமே, எனக்கென்ன. நல்ல காரியத்துக்குத்தானே. வெளியூரிலிருந்து சிகிச்சைக்கு வருகிறவர்களின் குடும்பங்கள் தங்குவதற்குத் 'தங்கல்' என்று ஓர் அறக்கட்டளை சேத்துப்பட்டில் இல்லம் நடத்துகிறது. அங்கே தங்கியிருப்பவர்களை எட்வின் மூன்று வருடமாகப் படம் எடுத்திருக்கிறார். படங்களை விற்று வருவது இல்லத்துக்குப் போகும். கண்காட்சி பிப்ரவரி ஏழு வரை. பதினாறாம் தேதி அவர் ஜார்க்கண்ட் போகிறார், அங்கே புதிதாகத் தொடங்கும் இல்லத்துக்கு. இரண்டு வருடம்.

இதையெல்லாம் கடிதத்தில் ஒரு முறைதான் படித்தேன்.

ஜனவரி 7, புதன்

பொருள்களைப் படம் எடுக்கும் நாள். இப்போதைய புகைப்படக்காரர் பிரதீபா சுறுசுறுப்பான பெண். நான் பழக்க தோஷத்தில் போய்த் தேக்கு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். "மேடம், தள்ளிக்கிறீங்களா? உங்க நிழல் விழுது" என்றாள்.

எழுந்துவிட்டேன். அவள் மேல் தப்பே இல்லை. முன்பு இங்கே புகைப்படக்காரராக இருந்த எட்வினோடு பதினொரு வருடம் வேலை பார்த்ததில் வந்த பழக்கம் இது. வெளிச்சம் சரியாக விழுகிறதா, பொருள் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று பார்க்க அவருக்கு ஓர் ஆள் வேண்டும். "சுகந்தி மேடம், அளவுக்குக் கொஞ்சம் உட்காருங்க" என்பார். போய் உட்காருவேன். நாலைந்து முறை கிளிக் கிளிக். பிறகு, "போதும், எழுந்திருங்க." நான் எழுந்து நகர்ந்த பிறகுதான் உண்மையான படம் எடுப்பார். அப்படி ஊஞ்சல், மோடா, சாய்வு நாற்காலி, ஒரு முறை குழந்தைத் தொட்டிலின் விளிம்பு என்று இந்தச் சென்னையில் விற்பனைக்கு வந்த அத்தனை மரச்சாமானிலும் நான் உட்கார்ந்திருக்கிறேன். அச்சில் ஒன்றிலும் இல்லை.

மேடம் என்பது ஏழாம் வருடத்தில் எப்போதோ உதிர்ந்துபோய் வெறும் சுகந்தி ஆனது. தேதி நினைவில்லை. (மார்ச் 11.)

ஜனவரி 8, வியாழன்

காலையில் தண்ணீர் லாரி. இரண்டு வாளி கூடுதலாகப் பிடித்தேன். மத்தியானம் தயிர்சாதம்.

படம் எடுத்து முடித்த பொருள்களையெல்லாம் அந்தந்த நிறுவனத்துக்குத் திருப்பி அனுப்பியாகிவிட்டது. தார்ப்பாய்ப் பையை மட்டும் இன்னும் அனுப்பவில்லை. கூரியர் அட்டைப்பெட்டி கிடைக்கவில்லை.

ஜனவரி 10, சனி

அம்மா தூத்துக்குடியிலிருந்து பேசினாள். என்ன எழுதிக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டாள். டேப்லெட் வைக்கிற பையைப் பற்றி என்றேன்.

"டேப்லெட் வைக்க அம்புட்டுப் பெரிய பையாட்டி? யாருக்கு அவ்வளவு நோய்?"

சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது. அது மாத்திரை இல்லை, படம் பார்க்கிற பலகை மாதிரி ஒரு கருவி என்று விளக்கினேன். "அதை யாருக்கு வாங்கப் போற?" என்றாள். நான் வாங்கப் போகிறேன் என்று சொல்லவே இல்லை. இந்த அம்மாக்களுக்குக் காதில் எதுவோ கோளாறு.

எட்வின் தன் டேப்லெட்டைத் துணிக்கடை மஞ்சள் பையில்தான் வைத்துக்கொண்டு திரிவார். அதன் காது ஒன்று அறுந்து, முடிச்சுப் போட்டிருக்கும். இடது கைக்காரர் என்பதால் கடையில் விற்கிற எந்தப் பையும் அவருக்குத் தோதுப்படாது, மூடி எதிர்ப்பக்கம் திறக்கும். இந்தத் தார்ப்பாய்ப் பையில் கொக்கியைக் கழற்றி எந்தப் பக்கம் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம். வடிவமைத்தவரைப் பாராட்டி ஒரு வரி எழுதியிருக்கிறேன். அவ்வளவுதான்.

ஜனவரி 12, திங்கள்

கண்காட்சியிலிருந்து ஐந்து படங்கள் அனுப்பியிருக்கிறார்கள். ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லாமே ஒரே பெஞ்சு, இல்லத்தின் தாழ்வாரத்தில் போட்டிருப்பது. ஒவ்வொரு படத்திலும் ஒருவர் பெஞ்சின் ஒரு கோடியில் உட்கார்ந்திருக்கிறார். மறு பாதி காலி.

எட்வின் இப்படி எடுக்கமாட்டாரே என்று நினைத்தேன். இடத்தை வீணடிக்காத மனிதர். சட்டத்துக்குள் ஒரு விரலளவு சும்மா கிடந்தாலும் அவருக்கு உறுத்தும். பாதி பெஞ்சை ஏன் விட்டுவைத்தார் என்று ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கிறது என் வேலை.

கடைசியில் ஒரு பெண்மணியின் படத்தைத் தேர்ந்தெடுத்தேன். மடியில் டிபன் தூக்கு. கண் கதவின் மேல். நாலு தடவை எழுதி அடித்துவிட்டு, கீழ்க்குறிப்பு இப்படி முடித்தேன்: 'கதவு எப்போது திறக்கும் என்று தெரியாமல் காத்திருக்கிறார். இந்தப் படத்தை வாங்குகிறவர் ஒரு குடும்பத்துக்கு நிழல் தருகிறார்.'

தேக்கு நாற்காலிக்கு எழுத இரண்டு நிமிடம் ஆகவில்லை: 'இருவர் அமரலாம். தனித்தனியாகக் கிடைக்காது. நேரில் வந்து, உட்கார்ந்து பார்த்து முடிவு செய்யுங்கள்.'

ஜனவரி 15, பொங்கல்

குக்கரில் வைத்த பொங்கல். ஒரு ஆளுக்கு எவ்வளவு குறைத்துப் போட்டாலும் மிஞ்சுகிறது. மாடி வீட்டுக்குக் கொடுத்தேன்.

சும்மா இருந்ததால் பழையது கிளறியது. எழுதிவிட்டால் போய்விடும் என்பார்கள், எழுதுகிறேன். மூன்று வருடம் முன்பு, அக்டோபர். நான் கடைசி மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்வின் வந்து மேசை ஓரத்தில் நின்றார்.

"தங்கல்ல கூப்பிடுறாங்க. முழு நேரமா. போகலாமான்னு பாக்குறேன். நீங்க என்ன சொல்றீங்க?"

நான் தலையைத் தூக்கவில்லை. ஒரு ஒற்றுப்பிழையை வட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். "போங்களேன். இங்க யாரு உங்களப் பிடிச்சு வெச்சிருக்கா?" என்றேன்.

கேலியாகத்தான் சொன்னேன். பதினொரு வருடம் நான் அவரிடம் கேலி தவிர வேறெதுவும் பேசியதில்லை, ஒவ்வொன்றும் கேலியாகவே போய்ச் சேர்ந்திருக்கிறது. அன்றைக்கு மட்டும் அவர் சிரிக்கவில்லை. "அதுவும் சரிதான்" என்றார். மாதக் கடைசியில் போய்விட்டார்.

எழுதினால் போய்விடும் என்று சொன்னவர்கள் யார் என்று தெரியவில்லை.

ஜனவரி 19, திங்கள்

பக்கம் முடிக்கிற நாள். கடைசி நேரத்தில் பத்மஜா மேடம் வரிசையை மாற்றச் சொன்னார், கண்காட்சிப் படம் மேலே மூன்றாவதாக வர வேண்டுமாம், தேக்கு நாற்காலி ஐந்தாவதாகப் போக வேண்டுமாம். மாற்றினேன். குறிப்புகள் தனித் தாளில் எண் போட்டு இருக்கும், அதையும் மாற்ற வேண்டும்.

பக்கம் வடிவமைக்கும் தணிகாசலம் சார் அவர் இடத்திலிருந்தே கேட்டார். "ஏம்மா, மூணாம் நம்பரும் அஞ்சாம் நம்பரும் கரெக்டா? மாறினாப்புல தோணுதே."

"சரியாத்தான் இருக்கு சார்" என்றேன்.

"ஒரு வாட்டி பாத்துரேன்."

"பாத்துட்டேன் சார்."

பார்க்கவில்லை. தலை வலித்தது. எல்லாருக்கும் தலை வலிக்கும்.

ஜனவரி 20, செவ்வாய்

அச்சுக்குப் போய்விட்டது. சரியாகத் தூக்கம் இல்லை. கொசு.

ஜனவரி 30, வெள்ளி

இதழ் வந்தது. நாற்பத்திரண்டாம் பக்கம்.

தாழ்வாரத்து பெஞ்சில் தூக்கோடு காத்திருக்கும் அந்தப் பெண்மணிக்குக் கீழே: 'இருவர் அமரலாம். தனித்தனியாகக் கிடைக்காது. நேரில் வந்து, உட்கார்ந்து பார்த்து முடிவு செய்யுங்கள்.' தேக்கு நாற்காலிக்குக் கீழே, கதவு எப்போது திறக்கும் என்று தெரியாமல் காத்திருக்கிறதாம்.

தணிகாசலம் சார் என் பக்கம் திரும்பவே இல்லை. அது எனக்கு உதவியாக இருந்தது.

பிப்ரவரி 2, திங்கள்

பத்மஜா மேடம் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். கத்தியிருந்தால் தேவலை.

"ஒரு அம்மா ஆஸ்பத்திரியில இருக்கிற புருஷனுக்காகக் காத்துக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. அதுக்குக் கீழ நாற்காலி விளம்பரம். பதினாலு வருஷமா இந்தப் பக்கத்த எழுதுறவ நீ. எப்படி சுகந்தி?"

தவறிவிட்டது என்றேன். அடுத்த இதழில் திருத்தம் போட வேண்டும். அதற்கு முன் நானே சேத்துப்பட்டு போய் அந்த அம்மாளிடமும் இல்லத்திலும் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும். கண்காட்சி முடிவதற்குள்.

பாண்டிச்சேரிக்காரர் போன் செய்தார். கோபமாக இருப்பார் என்று பயந்தேன். "மேடம், உங்க நாற்காலி யாருக்காகக் காத்திருக்குன்னு காலையிலேர்ந்து ஓயாம கேக்குறாங்க. என்ன பதில் சொல்றது?" என்றார். எனக்கும் தெரியாது என்றேன்.

அந்த அம்மாளின் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். என் கிறுக்குத்தனத்துக்கு அவர் முகமா கிடைத்தது? கிறுக்குத்தனம் என்று எழுதிவிட்டேன். கவனக்குறைவு என்று இருக்க வேண்டும்.

பிப்ரவரி 4, புதன்

தார்ப்பாய்ப் பையை நிறுவனத்துக்குத் திருப்பி அனுப்பினேன். அதே மாதிரி ஒன்று எனக்காக வரவழைத்தேன். கொக்கியைக் கழற்றி இடது பக்கம் மாட்டிப் பார்த்தேன். நன்றாகத்தான் திறக்கிறது.

பிப்ரவரி 7, சனி

காலை பத்து மணிக்குச் சேத்துப்பட்டு. நீலப் புடவை. அது தோய்த்து மடித்திருந்தது என்பதால்.

தாழ்வாரத்தில்தான் கண்காட்சி. சுவர் முழுக்கப் படங்கள், நடுவில் அதே பெஞ்சு, அதன் கோடியில் அதே பெண்மணி. பெயர் அஞ்சலை, செஞ்சிப் பக்கம். அவர் கணவருக்கு இரண்டாவது முறையாகச் சிகிச்சை நடக்கிறது. நான் கையைக் கூப்பிக்கொண்டு, தப்பான வரிகளை உங்கள் படத்துக்குக் கீழே போட்டுவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் இதழைப் பக்கத்திலேயே வைத்திருந்தார்.

"படிச்சுக் காட்டினாங்க. ரெண்டு பேர் உக்காரலாம்னுதான போட்டிருக்கு? அதுல என்னாம்மா தப்பு? அது அவரு உக்கார்ற எடம்தான். ஆஸ்பத்திரிலேர்ந்து வந்தார்னா இங்கதான் உக்காருவாரு." கையால் காலி இடத்தைத் தடவிவிட்டார். "தனித்தனியா கெடைக்காதுன்னும் போட்டிருக்குதாமே. அத ரெண்டு வாட்டி படிக்கச் சொன்னேன்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மன்னிப்புக் கேட்க வந்த இடத்தில் அழுவது இன்னும் மோசம் என்பதால் சுவர்ப் பக்கம் திரும்பினேன். அங்கே எட்வின் நின்றுகொண்டிருந்தார்.

முடி பாதி நரைத்துவிட்டது. தோளில் அதே மஞ்சள் பை, இப்போது இரண்டு காதிலும் முடிச்சு.

"நேர்ல வந்து பாக்கச் சொல்லி எழுதிட்டு, நீங்களே வந்துட்டீங்க" என்றார்.

"அது கீழ்க்குறிப்பு மாறிடுச்சு."

"மாறிடுச்சா, மாத்துனீங்களா?"

அவருக்கும் பதில் சொல்லவில்லை. இங்கேயும் எழுதப் போவதில்லை.

பேச்சை மாற்ற, படங்களைப் பற்றிக் கேட்டேன். ஏன் எல்லாவற்றிலும் பாதி பெஞ்சு காலி? அவர் சங்கடப்பட்டார். "எனக்கே ரொம்ப நாள் தெரியல. யாரையும் நான் ஓரமா உட்காரச் சொல்லல. கேமராவத் தூக்கினா, லைட் பாக்க பக்கத்துல ஒரு ஆளுக்கு இடம் விட்டே பழகிப்போச்சு. அப்புறம் பாத்தா அந்த இடம் அப்படியே படத்துல வந்திருக்கு."

பிறகு மஞ்சள் பையைத் திறந்து டேப்லெட்டை எடுத்தார். "ஒண்ணு காட்டணும். கோவிச்சுக்கக் கூடாது."

'அளவு' என்று பெயரிட்ட ஒரு தொகுப்பு. திறந்தார். ஊஞ்சலில் நான். மோடாவில் நான். சாய்வு நாற்காலியின் நுனியில், யாரோ எழுப்பப்போகிறார்கள் என்பது போல நான். முடி கறுப்பாக இருந்த நான், கண்ணாடி போட்ட நான், அப்பா இறந்த மாதத்தில் பொட்டு வைக்க மறந்த நான். எழுநூறு படங்களுக்கு மேல். வெளிச்சம் பார்த்த பிறகு அழித்துவிடுவார் என்று நினைத்திருந்தேன். ஒன்றைக்கூட அழிக்கவில்லை.

முதலில் முகம்தான் பார்த்தேன். பத்து, இருபது படம் தள்ளிய பிறகுதான் கண்ணைப் பார்த்தேன். ஒரு படத்திலும் நான் கேமராவைப் பார்க்கவில்லை. கேமராவுக்குக் கொஞ்சம் மேலே, கொஞ்சம் இடப்பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது கைக்காரர் கேமராவைப் பிடித்து நிற்கும்போது முகம் இருக்கிற இடம் அது. நான் வாயால் சொல்லாததை, வருடக்கணக்காக, விற்பனைக்கு வந்த நாற்காலிகளில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"இதெல்லாம் ஒரு நாள் உட்கார்ந்து வரிசையா பாத்தேன்" என்றார். "அதுக்கு மறுநாள்தான் வந்து உங்ககிட்ட கேட்டேன். போகட்டுமான்னு."

"நான் போங்கன்னு சொன்னேன்."

"ஆமா. போங்கன்னீங்க. போயிட்டு வாங்கன்னு சொல்லல."

பதினாலு வருடம் ஒற்றெழுத்து விட்டுப்போனால்கூட வட்டம் போட்டிருக்கிறேன். ஊரில் பால்காரருக்குக்கூட போய்விட்டு வா என்றுதான் சொல்வோம். ஒரு முழுச் சொல்லை விட்டுவிட்டு, அந்தப் பக்கத்தை மூன்று வருடம் மூடி வைத்திருந்தேன்.

ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயும் எடுத்தேன். அதற்குள் இல்லத்து நிர்வாகி வந்து கண்காட்சி நிறைவு விழாவுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நாற்பது பேர் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். அஞ்சலை அக்கா என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். அது அவர் கணவரின் இடம் என்று நின்றுகொண்டே இருந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்க்கிறேன், அவருக்குக் கொடுக்க எடுத்துப்போன தார்ப்பாய்ப் பை என் தோளிலேயே இருக்கிறது.

பிப்ரவரி 9, திங்கள்

திருத்தம் எழுதிக் கொடுத்தேன். மூன்று வரி. தணிகாசலம் சார் படித்துவிட்டு, "இந்தவாட்டி நம்பர் பாத்தியா?" என்றார். பார்த்தேன் என்றேன். "நான் அன்னிக்கே பாத்துட்டேம்மா" என்று திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பிறகு ஏன் சார் மாற்றவில்லை என்று கேட்டேன். "நீதான் சரியா இருக்குன்னியே" என்றார்.

பிப்ரவரி 12, வியாழன்

மளிகை. எரிவாயு பதிந்தேன். அவருக்கு நாலு முறை செய்தி தட்டி அழித்தேன். பக்கத்துக்கு எழுதுவது போல வரவில்லை.

பிப்ரவரி 16, திங்கள்

அலுவலகத்துக்கு அரை நாள் விடுப்பு. காரணம் கேட்ட இடத்தில் சொந்த வேலை என்று எழுதினேன், பத்மஜா மேடம் கையெழுத்துப் போட்டுவிட்டு, "மாத்திப் போடாம சொல்லிட்டு வா" என்றார். ஆக எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தகவல் தாமதமாக வந்திருக்கிறது.

சென்ட்ரலில் அவரைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை, அந்த மஞ்சள் பை. நான் தார்ப்பாய்ப் பையை நீட்டினேன். அவர் மூடியைத் திறந்து மூடி, மறுபடி திறந்தார். "இடது கைக்கு இருக்கு" என்றார்.

"கொக்கிய மாத்திருக்கேன்."

"இதையாவது மாத்துனதா ஒத்துக்கறீங்களே."

டேப்லெட்டை அதற்குள் வைத்தார், மஞ்சள் பையை மடித்து அதையும் உள்ளே வைத்துக்கொண்டார். அவர் ஏறிக்கொண்டார். வண்டி நகர இன்னும் இரண்டு நிமிடம். நான் எப்போதும் போல ஏதாவது கேலி சொல்லிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. அங்கே ராஞ்சியில் நல்ல இட்லி கிடைக்காது என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

"எட்வின். போயிட்டு வாங்க" என்றேன். அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை என்பது போல முகத்தைக் காட்டினார். "வாங்க. வாங்கன்னு சொல்றேன். ரெண்டு வருஷமானாலும் இங்கதான் இருப்பேன், வாங்க." கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்லிவிட்டேன். பக்கத்தில் சுமை தூக்கிக்கொண்டு போனவர் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

வண்டி நகர்ந்த பிறகு எட்வின் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "வரேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து குழம்பு சூடு பண்ணிச் சாப்பிட்டேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது செய்தி வந்த சத்தம். கையைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். நகரும் வண்டியிலிருந்து எடுத்த படம், கொஞ்சம் ஆடியிருக்கிறது. நடைமேடையில் நான் மட்டும் நிற்கிறேன். வழக்கமாகப் பார்க்கும் இடத்தில்தான் என் கண் இருக்கிறது.

கீழே ஒரே ஒரு குறிப்பு, சரியான படத்துக்குச் சரியான குறிப்பு: 'இது அளவுக்கு எடுத்தது இல்லை.'